கோவையில் இருந்து ஒரே நாளில் பீச் டிரிப்: கோழிக்கோடு போய் வருவது எப்படி? முழு விவரம்

"ஏனுங்க, கோயம்புத்தூர்ல எல்லாம் இருக்குது, ஒரு பீச் மட்டும் இல்லைங்களே?" கொங்கு மண்டலத்தில் லீவு விட்டால் கேட்கும் புலம்பல் இது. சென்னை மெரினாவுக்குப் போக ஒரு இரவு பயணம். ராமேஸ்வரம், வேளாங்கண்ணி என்றால் 300 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் மேற்குப் பக்கம் திரும்பினால் கதையே வேறு. சுமார் 180 கி.மீ. தூரத்தில் அரபிக்கடல் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கி.மீ.க்கு மேல் அகலமுள்ள இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். மலை ஏறி இறங்காமலே ரயிலும் ரோடும் அந்த வழியாகக் கடலுக்குப் போய்விடுகின்றன. அப்படி ஒரே நாளில் பார்த்துவிட்டு வரக்கூடிய நகரக் கடற்கரை, கோழிக்கோடு பீச். எப்போ போகலாம், எப்படிப் போகலாம், தண்ணியில் இறங்கலாமா? பார்க்கலாம்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல நேரம். மழை குறைவு, கடலும் ஓரளவு அமைதியாக இருக்கும். ஜனவரியில் கேரள இலக்கியத் திருவிழா இந்தக் கடற்கரையிலேயே நடக்கும். புத்தகப் பிரியர்களுக்குக் கொண்டாட்டம், கூட்டம் பிடிக்காதவர்களுக்குத் திண்டாட்டம். 2023-ல் யுனெஸ்கோவின் 'இலக்கிய நகரம்' அங்கீகாரம் பெற்ற முதல் இந்திய நகரம் கோழிக்கோடு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தவிர்ப்பது நல்லது. பலர் ஏமாறுவது இங்கேதான். அந்த மாதங்களில் கோவையில் லேசான சாரலும் காற்றும் மட்டும்தான் இருக்கும். "கிளைமேட் சூப்பரா இருக்கு, கிளம்பலாம்" என்று தோன்றும். ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும், கடல் கொந்தளிக்கும். கேரளாவில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகு மீன்பிடித் தடையும் உண்டு. மீன் சாப்பிடுவதற்காகவே போகிறவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

எப்படிப் போவது?

ரயில்: கோவையில் இருந்து அதிகாலையில் கிளம்பும் மங்களூரு இன்டர்சிட்டி, ஒரு நாள் பயணத்துக்கு வசதியானது. இடது பக்க ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீங்க. ஒற்றப்பாலம், பட்டாம்பி, குற்றிப்புரம் பகுதிகளில் பாரதப்புழா ஆறு கூடவே வரும். நம்ம ஆழியாற்றுத் தண்ணீரும் அந்த ஆற்றில் சேர்ந்துதான் பொன்னானியில் கடலில் கலக்கிறது.

திரும்பும் ரயிலில்தான் சிக்கல். இன்டர்சிட்டி பிற்பகலிலேயே கோவைக்குத் திரும்பிவிடும். சென்னை மெயில் மாலையில் கோழிக்கோட்டைக் கடக்கும். இரண்டில் எதைப் பிடித்தாலும் சூரிய அஸ்தமனத்தை முழுதாகப் பார்ப்பது சிரமம். அஸ்தமனம்தான் முக்கியம் என்றால் இரவு ரயிலில் முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள். ஒரு விஷயம் கவனம்: சென்னை பக்கம் போகும் சில ரயில்கள் கோவை ஜங்ஷனுக்குள் வராமல் போத்தனூர் வழியாகப் போய்விடும். எந்த ஸ்டேஷனில் நிற்கும் என்று பார்த்துவிட்டு புக் செய்யுங்கள்.

கார்: வாளையார், பாலக்காடு வரை நான்குவழிச் சாலை. அதன்பிறகு மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணா, மலப்புறம், கொண்டோட்டி வழியாகப் போக வேண்டும். ஊருக்கு ஊர் டிராஃபிக் இருப்பதால் 180 கி.மீ.க்கு நாலரை முதல் ஐந்து மணி நேரம் ஆகலாம். போக வர கிட்டத்தட்ட 10 மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். ஒரே டிரைவர் என்றால் இரவு திரும்புவதைத் தவிர்த்து, அங்கேயே தங்கிவிட்டு வருவது நல்லது.

பஸ்: உக்கடத்தில் இருந்து பாலக்காடு போய், அங்கிருந்து கோழிக்கோட்டுக்கு மாறலாம்.

ஒரு நாள் பிளான்

காலை: ரயில்வே ஸ்டேஷனில் இருந்து பீச் சுமார் 2 கி.மீ. தான். ஆனாலும் நேராக அங்கே போகாதீங்க. நண்பகல் வெயிலில் மணலில் நிற்க முடியாது. ஊருக்குத் தெற்கே உள்ள பேப்பூருக்குப் போகலாம். சாலியாறு கடலில் கலக்கும் இடம் அது. 'உரு' எனப்படும் பெரிய மரக்கப்பல்களைக் கையால் கட்டுவதற்குப் பேர் போன ஊர். கடலுக்குள் நீளும் கல் பாதையான புலிமுட்டில் நடக்கலாம். ஓரத்துப் பாறைகள் வழுக்கும், குழந்தைகள் கையை விட வேண்டாம்.

மதியம்: மானாஞ்சிறை குளம், பூங்கா, பக்கத்திலேயே மிட்டாய்த் தெரு. கோழிக்கோடு அல்வாவும் நேந்திரங்காய் சிப்ஸும் வாங்க இதுதான் இடம். மலபார் பிரியாணி இல்லாமல் இந்த டிரிப் நிறைவடையாது. சைவம் சாப்பிடுபவர்களுக்கு சாப்பாட்டு ஹோட்டல்களும் உண்டு.

மாலை 4 மணிக்கு மேல்: இப்போது பீச். கடலுக்குள் நீண்டு கிடக்கும் பழைய பாலத்தின் இரும்புத் தூண்கள், கோழிக்கோடு துறைமுகமாகக் கொடிகட்டிப் பறந்த காலத்தின் மிச்சம். உப்பிலிட்ட நெல்லி, மாங்காய், அன்னாசி, அரிசி மாவு அடைத்த கல்லுமக்காய், சுலைமானி டீ என்று கடைகள் வரிசை கட்டும். சூரியன் டிசம்பரில் சுமார் 6 மணிக்கும், மார்ச்சில் ஆறரை மணியை ஒட்டியும் கடலில் இறங்கும். மெரினாவில் இந்தக் காட்சி கிடைக்காது, அங்கே கடலில் சூரியன் உதிக்க மட்டும்தான் செய்யும்.

தண்ணியில் இறங்கலாமா?

கோழிக்கோடு நகர பீச் குளிப்பதற்கான இடம் அல்ல. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "கொடிவேரியிலயும் பவானியிலயும் நீந்தின ஆளுங்க நாங்க" என்பது கடலில் செல்லாது. ஆற்றில் தண்ணீர் ஒரே திசையில் ஓடும். கடலில் கரைக்கு வந்த அலைநீர், ஒரு குறுகலான வழியில் வேகமாகத் திரும்பி உள்ளே இழுக்கும். அந்த இடத்தில் அலை உடையாது, அதனால் பார்க்க அமைதியாக இருக்கும். ஆபத்தே அதுதான்.

இன்னொன்று 'கள்ளக்கடல்'. தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கும் புயல்காற்றால் எழும் அலைகள், ஆயிரக்கணக்கான கி.மீ. கடந்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றோ மழையோ இருக்காது, திடீரென்று கடல் மட்டும் ஏறும். திருடன் மாதிரி வருவதால் கேரள மீனவர்கள் வைத்த பெயர் இது. 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தபோதும் கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது.

எனவே இவற்றை மறக்காதீர்கள்:

* கிளம்பும் முன் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையத்தின் கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் கரையோரம்கூட வேண்டாம்.
* சிவப்புக் கொடி, உயிர்காப்பாளர் விசில் இரண்டுக்கும் மறுபேச்சு கிடையாது.
* இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். நீந்த முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள்.
* சிக்கியவரைக் காப்பாற்ற நீங்களும் குதிக்காதீர்கள். காலி கேன், கயிறு, துப்பட்டா என மிதக்கும், எட்டும் எதையாவது வீசுங்கள். 112-க்கு போன் செய்யுங்கள். கடலோரக் காவல்படை எண் 1554.
* செல்ஃபிக்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்.

குழந்தைகளோடு போகிறீர்களா?

கோழிக்கோட்டுக்கு வடக்கே 15 கி.மீ.க்கு மேல் உள்ள காப்பாடு கடற்கரை உங்களுக்குப் பொருத்தம். 1498-ல் வாஸ்கோட காமா வந்திறங்கியதாகச் சொல்லப்படும் இடம் இது. 2020-ல் இந்தியாவில் முதன்முதலாக நீலக்கொடி சான்று பெற்ற 8 கடற்கரைகளில் இதுவும் ஒன்று. தூய்மை, கழிப்பறை, பாதுகாப்பு வசதிகளைப் பார்த்துத் தரப்படும் சான்று அது. பேப்பூரை விட்டுவிட்டு காலையிலேயே இங்கே வந்துவிடலாம்.

மாற்றுத் துணி, குடிநீர், தொப்பி, குப்பைக்கு ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் எங்கும் போய்விடாது. எச்சரிக்கை வந்தால் டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டு அடுத்த வாரம் போங்க.