ஒட்டப்படாத ஒட்டுப்படங்கள்: ஜப்பானிய இனிப்புப் பொட்டலப் பரிசுகளும் வரலாற்றுச் சான்றும்

முன்னுரை

தின்பண்டத்தோடு இலவசமாகக் கிடைக்கும் சிறு பரிசுப் பொருள் வரலாற்றாசிரியரின் மேசைக்கு வந்து சேர்வது அரிது. சிறுவரின் சட்டைப் பையில் தொடங்கும் அதன் வாழ்க்கை பெரும்பாலும் சில நாள்களில் குப்பையில் முடிந்துவிடுகிறது. தப்பிப் பிழைத்தவை பல ஆண்டுகளுக்குப் பின் சேகரிப்பாளர்களின் தொகுப்பேடுகளில் மீண்டும் காணப்படுகின்றன. அவ்வாறு எஞ்சியவற்றை ஒரு காலத்தின் சான்றாக எந்த அளவுக்கு ஏற்கலாம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. ஜப்பானின் லோட்டே நிறுவனம் வெளியிட்ட 'பிக்குரிமன்' சாக்லேட்டோடு வந்த ஒட்டுப்படங்கள், அதாவது பொதுவழக்கில் ஸ்டிக்கர் எனப்படுபவை, இங்கு ஆய்வுப் பொருளாகின்றன. இவற்றுள் இன்று கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஒட்டப்படாதவை. அந்த ஓர் உண்மையே இச்சான்றின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே உணர்த்துகிறது.

முன்னோடிகள்

பொட்டலப் பரிசு ஜப்பானில் தோன்றிய வழக்கம் அன்று. அமெரிக்காவின் சிகாகோ நகரில் உருவான 'கிராக்கர் ஜாக்' என்னும் பாகு பூசிய சோளப்பொரி, 1912ஆம் ஆண்டு முதல் பெட்டிதோறும் ஒரு பரிசைத் தாங்கி வந்தது. 1914, 1915ஆம் ஆண்டுகளில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் பொறித்த அட்டைகள் அப்பெட்டிகளில் இடப்பட்டன. முதலாண்டு அட்டைகள் பெட்டிக்குள் மட்டுமே கிடைத்தமையால் பாகுக் கறை படிந்தன. அடுத்த ஆண்டு அட்டைகளை அஞ்சல்வழி முழுத் தொகுதியாகவும் பெற முடிந்தது. ஆகவே 1915ஆம் ஆண்டு அட்டைகளே கறையற்ற நிலையில் மிகுதியாக எஞ்சியுள்ளன. தின்பண்டத்தைத் தொடாத அட்டை நன்கு பிழைத்தது. தின்பண்டத்தோடு கலந்து கிடந்தது சிதைந்தது. பொட்டலப் பரிசுகளின் வரலாற்றை எழுதுவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

ஜப்பானில் 1971ஆம் ஆண்டு கல்பீ நிறுவனம் 'கமென் ரைடர்' தொலைக்காட்சித் தொடரின் பெயரில் 20 யென் விலையுள்ள தின்பண்டமொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனுடன் வழங்கிய அட்டைகள் 500க்கும் மேற்பட்ட எண்களில் வெளிவந்தன. அட்டைக்காகவே வாங்கிய சிறுவர்கள் தின்பண்டத்தைத் தெருவில் எறிந்தனர். உணவு வீணாவது கண்டு பெற்றோரும் ஆசிரியர்களும் மனம் பதைத்தனர். போருக்குப் பிந்தைய பஞ்சத்தை நேரில் கண்ட தலைமுறை அது. அக்காட்சி அவர்களுக்கு வெறும் பிள்ளை விளையாட்டாகத் தோன்றியிருக்க இயலாது.

ஒட்டுவதற்கான படம், காப்பதற்கான படம்

லோட்டே நிறுவனத்தை 1948ஆம் ஆண்டு டோக்கியோவில் தொடங்கியவர் கொரியாவிலிருந்து குடிபெயர்ந்த ஷின் கியுக்-ஹோ. சூயிங்கம் வணிகத்தில் வேரூன்றிய அந்நிறுவனம் 1977ஆம் ஆண்டு பிக்குரிமன் சாக்லேட்டை வெளியிட்டது. 'பிக்குரி' என்னும் ஜப்பானியச் சொல் திடுக்கிடுதலைக் குறிக்கும். பெயருக்கேற்ப, அதன் முதல் ஒட்டுப்படங்கள் மெய்ப்பொருள் போலத் தோன்றும் படங்களாக அமைந்தன. எதிர்பாராத இடத்தில் அவற்றை ஒட்டிப் பிறரைத் திடுக்கிடச் செய்வதே விளையாட்டு. ஆகவே அப்படங்களின் பயன் ஒட்டுவதிலேயே நிறைவேறியது.

1985ஆம் ஆண்டு வெளிவந்த 'பேய்களும் தேவதூதர்களும்' என்னும் வரிசை இந்நிலையை அடியோடு மாற்றியது. 30 யென் விலையுள்ள ஒரு வேஃபர் சாக்லேட்டுடன் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் சதுரப் படமொன்று வந்தது. பேய், காப்பு, தேவதூதர் என மூன்று வகையினர் ஒருவரோடொருவர் தொடர்புபடுத்தப்பட்டிருந்தனர். இவர்களுக்கு மேலாகச் 'சூப்பர் சீயஸ்' முதலான தலைவர் படங்கள் ஒளிரும் தாளில், மிகக் குறைந்த எண்ணிக்கையில் அச்சிடப்பட்டன. ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் அவ்வுலகைப் பற்றிய வதந்தி போன்ற ஒரு சிறு குறிப்பு இருந்தது. தனித்துப் படித்தால் அது விளங்காது. பல படங்களைச் சேர்த்துப் படித்த பின்னரே தேவர்க்கும் பேய்களுக்கும் இடையிலான நெடும்போரின் கதை மெல்லத் துலங்கும். 1987ஆம் ஆண்டு அக்கதை தொலைக்காட்சி அசைபடத் தொடராகவும் வளர்ந்தது.

இங்கு ஒரு சிறு பொருண்மைச் செய்தி பெரிதும் கருதத்தக்கது. கதைக் குறிப்பு அச்சிடப்பட்டிருந்தது பசையை மூடிய பின்தாளில். படத்தை உரித்து ஒட்டினால் அத்தாள் பிரிந்து கதை தொலைந்துவிடும். கதையைக் காக்க வேண்டுமாயின் ஒட்டக் கூடாது. ஒட்டுப்படம் என்னும் பெயரைத் தாங்கிய பொருள் இவ்வாறு ஒட்டாமல் பேணவேண்டிய ஆவணமாயிற்று.

விமரிசகர் ஓட்சுகா எய்ஜி 1989ஆம் ஆண்டு வெளியிட்ட 'கதை நுகர்வுக் கோட்பாடு' என்னும் நூலில் இப்படங்களை ஆராய்ந்துள்ளார். சிறுவர் வாங்கியது சாக்லேட்டையோ படத்தையோ அன்று, அவற்றின் பின்னே மறைந்திருந்த பெருங்கதையை என்பது அவர் கருத்து. சிறுவர் எதை நுகர்ந்தனர் என்று அவர் வினவினார். நுகர்ந்த பின் எது எஞ்சியது என்பது வரலாற்றாசிரியர் வினவ வேண்டியது.

சட்டமும் போலியும்

அரிய தலைவர் படத்தைத் தேடிய சிறுவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கினர். வேஃபர் மீண்டும் குப்பைக்குச் சென்றது. அரிய படங்களைப் பணத்துக்கு விற்கும் வழக்கமும் பரவியது. 1988ஆம் ஆண்டு ஜப்பானின் நியாய வணிக ஆணையம் தலையிட்டது. நியாயமற்ற பரிசுகளைத் தடுக்கும் 1962ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் துணைநின்றது. படவகைகளுக்கிடையே எண்ணிக்கையிலும் மதிப்பிலும் நிலவிய ஏற்றத்தாழ்வைக் களையுமாறு ஆணையம் அறிவுறுத்தியது. அதற்குப் பின் மோகம் தணிந்தது. சிறுவர் வளர்ந்ததும் புதிய ஆர்வங்கள் எழுந்ததும் தணிவுக்குத் துணைசெய்திருக்கலாம். எனினும், அருமை என்பது இயற்கையாக அமைந்ததன்று, ஆலையில் அளந்து வைக்கப்பட்டது என்பதை அவ்வறிவுரை வெளிப்படையாக்கியது.

அதே காலத்தில் போலிப் படங்களும் பெருகின. அவற்றுள் பெயர்பெற்றது, 'லோட்டே' என்னும் பெயரின் கடைசி எழுத்தை மட்டும் மாற்றி 'லோச்சி' என அச்சிட்ட வகை. அன்று ஏமாற்றமாக இருந்த அப்போலியும் இன்று தனியே சேகரிக்கப்படுகிறது. பின்னாளில் நிறுவனமே வெளியிட்ட மறுபதிப்புகளும் இவற்றோடு சேர்ந்துள்ளன. எனவே ஒரு படத்தின் காலத்தைக் கணிக்க அதன் முகப்பு ஓவியம் மட்டும் போதாது. தாள், அச்சு, பின்தாள் வாசகம் ஆகிய அனைத்தையும் ஒப்பிட்டாக வேண்டும். சுவடிகளையும் பழம்பதிப்புகளையும் ஆராய்வோர் கையாளும் பாடவேறுபாட்டு ஆய்வு இங்கும் அதே பொறுமையைக் கோருகிறது.

எஞ்சியவற்றின் சாய்வு

மேற்கூறியவற்றால் சேகரிப்புகள் இயல்பாகவே ஒருபுறம் சாய்ந்திருக்கும் என்பது தெளிவாகும். தலைவர் படங்கள் கிடைத்த அன்றே உறையிடப்பட்டுப் போற்றப்பட்டன. எளிய பேய்ப் படங்கள் மேசையிலும் பென்சில் பெட்டியிலும் ஒட்டப்பட்டு அப்பொருள்களோடு அழிந்தன. 1977ஆம் ஆண்டுப் படங்களோ ஒட்டுவதற்காகவே பிறந்தவை. அவற்றுள் பழுதின்றி நிற்கும் ஒவ்வொன்றும், விளையாடாமல் விட்ட ஒரு கையைக் காட்டுகிறது. ஒரே ஒரு பொட்டலம் வாங்கி, வேஃபரைத் தின்று, படத்தை ஒட்டி மகிழ்ந்த சிறுவனின் தடம் தொகுப்பேட்டில் இல்லை. அங்கு இருப்பது மிகுதியாக வாங்க வசதி பெற்றவனின் வரலாறும், ஆசையை அடக்கிக் காத்தவனின் வரலாறுமே. ஆதலின் கிழிந்த படம், பாதி உரிந்த படம், ஒட்டிய நிலையிலுள்ள பெட்டி மூடி ஆகியவற்றையும் நூலகங்கள் ஏற்க வேண்டும். சந்தை மதிப்பற்ற அவற்றில்தான் பயன்பாட்டின் சான்று பதிந்துள்ளது.

முடிவுரை

இவ்வேண்டுகோளின் பொருளைத் தமிழாய்வுலகம் நன்கு உணரும். கோட்டையூரில் பெயர்ப்பலகை ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு பிறர் எறிந்துவிடும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் நாடக விளம்பரங்களையும் தேடிச் சேர்த்தார். 1992ஆம் ஆண்டு அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற்றது. அதைக் கொண்டு 1994ஆம் ஆண்டு சென்னையில் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. ஒருவர் தம் ஆர்வத்தால் காத்த தாள்களே இன்று தமிழ்ச் சமூக வரலாற்றின் அடிப்படைச் சான்றுகளுள் அடங்குகின்றன. பிக்குரிமன் படங்களைச் சிறுவயதில் சேர்த்த தலைமுறை இப்போது நடுவயதைக் கடந்து வருகிறது. அவர்களுடைய தொகுப்புகள் இனிப் பிரிந்து விற்பனைக்குச் செல்லும். அதற்கு முன் எவர் வாங்கினார், எங்கு வாங்கினார், எதை ஒட்டினார், எதை ஒட்டாது வைத்தார் என்னும் செய்திகளைப் படங்களோடு சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். அச்செய்தியின்றி எஞ்சும் படத்துக்கு விலை இருக்கும். அது எவருடைய கையில் இருந்தது என்பதைச் சொல்ல எவரும் இருக்கமாட்டார்.