தோ பாயோ: குடும்ப இடைநிலை வருமானக் கணிப்பு

சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரக் குடும்பங்களை மாத வருமானப்படி வரிசையில் நிறுத்தினால், சரிநடுவில் நிற்கும் குடும்பம் ஈட்டும் தொகையே அவ்வட்டாரத்தின் இடைநிலை வருமானம். ஒருசில பெருஞ்செல்வர்கள் இருந்தால் சராசரி உயர்ந்துவிடும், இடைநிலை அசையாது. நாடு முழுமைக்குமான எண்ணைப் புள்ளிவிவரத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஒரு வட்டாரத்துக்கு என்றால், அட்டவணைகளிலிருந்து கணித்தே பெற வேண்டியிருக்கிறது.

இந்த முயற்சியின் வேர் தோ பாயோ நகரத்தைவிடப் பழையது. காலனி ஆட்சியின் சமூக நலத்துறை 1947இல் ஒரு சமூக ஆய்வை நடத்தியது. அதே துறையில் பணியாற்றிய கோ கெங் சுவீ, நகர மக்களின் வருமானத்தையும் வீட்டுநிலையையும் 1953-54இல் ஆராய்ந்து 1956இல் அறிக்கை வெளியிட்டார். லண்டன் பொருளியல் கல்லூரியில் அவர் முனைவர் பட்டம் பெற்றதும், வளர்ச்சி குன்றிய நாடுகளில் தேசிய வருமானத்தை மதிப்பிடும் முறைகளைப் பற்றித்தான். பின்னாளில் நிதியமைச்சரான ஒருவர், வருமானத்தை எப்படி அளப்பது என்ற கேள்வியோடு தொடங்கியது சிங்கப்பூரின் பேறு.

1960 பிப்ரவரி 1இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) உருவானது. குடிசைகளும் தோட்டங்களும் இருந்த தோ பாயோவில் அறுபதுகளின் நடுவில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1972-73இல் முதல் குடும்பச் செலவின ஆய்வு நடந்தது; அது ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொடர்கிறது. நாட்டின் நிலையைச் சொல்ல அதன் மாதிரி போதும், ஒரு வட்டாரத்துக்குப் போதாது. எனவே வீட்டு வகையே வருமானத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது: ஓரறை வாடகை வீடு என்றால் இவ்வளவு, ஐந்தறை வீடு என்றால் இவ்வளவு. கடனை அடைத்துவிட்டு ஐந்தறை வீட்டில் ஓய்வாக இருக்கும் தம்பதியை இந்த வழி தவறாகவே காட்டும்.

வட்டாரக் கணக்குக்கு வழிவிட்டவை நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் 55 திட்ட வட்டாரங்கள். ஆனால் எல்லை விஷயத்தில் கவனம் தேவை. பொத்தோங் பாசிர், பிடாடாரி, சென்னட் ஆகியவை தோ பாயோ திட்ட வட்டாரத்துக்குள் அடங்குகின்றன. தேர்தல் வரைபடத்திலோ பொத்தோங் பாசிர் தனித்தொகுதி. மூலத்தரவு எந்த வரைபடத்தைச் சேர்ந்தது என்று பாராமல் ஒப்பிட்டால் வேறு வேறு ஊர்களை ஒப்பிட்டதாகிவிடும்.

2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அடிப்படை விவரங்களை அரசாங்கப் பதிவேடுகளிலிருந்தே எடுத்துக்கொண்டது. விரிவான கேள்விகள் ஒரு மாதிரிப் பகுதிக்கு மட்டும் போயின. 2010இல் சுமார் 200,000 குடும்பங்களும், 2020இல் சுமார் 150,000 குடும்பங்களும் மாதிரியில் இடம்பெற்றன. 2015 பொதுக் குடும்ப ஆய்விலும் 2020 கணக்கெடுப்பிலும், 1,000 வெள்ளிக்குக் கீழ், 1,000 முதல் 1,999 வரை என வருமானப் பிரிவுகளில் வட்டாரக் குடும்பங்களின் எண்ணிக்கை கிடைக்கிறது. பேச்சுக்கு 40,000 குடும்பங்கள் என்று கொள்வோம். கீழிருந்து கூட்டிக்கொண்டே போனால் 20,000ஆவது குடும்பம் ஏதோவொரு பிரிவில் வந்து விழும். அப்பிரிவுக்குள் குடும்பங்கள் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டு அதன் இடத்தைக் கணிப்பார்கள்.

உண்மையான சிக்கல் யாரைச் சேர்ப்பது என்பதில்தான். ஆண்டுதோறும் வெளியாகும் தேசிய இடைநிலை, குடிமக்கள் அல்லது நிரந்தரவாசிகள் தலைமையிலான, வேலையில் ஒருவராவது உள்ள குடும்பங்களுக்கு உரியது. முதிர்ந்த பேட்டையான தோ பாயோவில் ஓய்வுபெற்ற குடும்பங்கள் ஏராளம். அவர்களையும் வரிசையில் நிறுத்தினால் நடுப்புள்ளி வெகுவாகக் கீழிறங்கும். அதைப் பார்த்து வட்டாரம் ஏழ்மையடைந்தது என்பது பிழை. அவர்களை விட்டுவிட்டு வட்டாரம் வளமடைந்தது என்பதும் பிழைதான்.

முதலாளியின் மத்திய சேமநிதிப் பங்களிப்பும் எண்ணை மாற்றும். 2020இல் தேசிய இடைநிலை பங்களிப்பு நீங்கலாக 7,744 வெள்ளி, சேர்த்தால் 9,189 வெள்ளி. மேலும் அது கொவிட் ஆண்டு: பங்களிப்பு சேர்ந்த எண் 2019இல் 9,425ஆக இருந்து குறைந்தது. 2024இல் 11,297ஐ எட்டியது. ஆகவே 2020ஐத் தொடக்கமாக வைத்து அளந்தால் வளர்ச்சி பெரிதாகத் தெரியும். இவை அந்தந்த ஆண்டு விலைவாசிப்படியான தொகைகள். பணவீக்கத்தைக் கழிக்காமல் ஒப்பிடலாகாது. 1972இல் மூடப்பட்ட பிடாடாரி இடுகாடு இருந்த நிலத்தில் புதிய வீவக வீடுகள் எழுந்து, வேலைக்குப் போகும் இளம் குடும்பங்கள் குடியேறியுள்ளன. அதனால் பழைய குடியிருப்பாளர் ஒருவருக்கும் சம்பளம் உயராமலேயே வட்டார எண் உயரக்கூடும்.

அமெரிக்காவில் ராபர்ட் ஃபே, ரோஜர் ஹெரியட் இருவரும் 1979இல் சிற்றூர்களின் வருமானத்தை மதிப்பிட ஒரு முறையை வகுத்தனர். தொண்ணூறுகளில் தொடங்கிய அரசாங்கத் திட்டம், அதன் வழியில் ஆய்வுத் தரவோடு வருமானவரிப் பதிவுகளையும் இணைத்துக் கவுண்டிகளின் இடைநிலையைக் கணிக்கிறது. பதிவேடுகள் செழித்த சிங்கப்பூருக்கும் இது எட்டாததன்று.

தோ பாயோவைப் பற்றி எழுதுவோர் எந்த எல்லை, எந்தக் குடும்பங்கள், சேமநிதி சேர்ந்ததா, எந்த ஆண்டின் விலைவாசி என்ற நான்கையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும்.