நடன மண்டபத்துக்கு வெளியே: ரீஜென்சி காதல் நாவலின் வரலாறு

பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மனநோயால் ஆளும் திறன் இழந்ததால், 1811 பிப்ரவரியில் அவருடைய மூத்த மகன் பதில் ஆட்சியாளராகப் பொறுப்பேற்றார். 1820 ஜனவரியில் மன்னர் இறக்கும்வரை நீடித்த அந்தக் காலமே ‘ரீஜென்சி’ எனப்படுகிறது. முழுதாக ஒன்பது ஆண்டுகள்கூட இல்லை. ஆயினும் ஆங்கில வரலாற்றுக் காதல் நாவலில் இந்த அளவுக்கு எழுதப்பட்ட காலம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. இந்த வகைக்குத் தாய் ஜேன் ஆஸ்டின் என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மைதான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆஸ்டினின் ஆறு நாவல்களும் 1811க்கும் 1817க்கும் இடையில் அச்சேறின. ‘எம்மா’ அந்தப் பதில் ஆட்சியாளருக்கே காணிக்கையாக்கப்பட்டது. ஆனால் அவர் எழுதியது வரலாறு அன்று, தன் நிகழ்காலம். வண்டியின் அமைப்பையோ உடையின் வெட்டையோ அவர் அரிதாகவே விவரிக்கிறார். அவருடைய வாசகர் அந்த வண்டியில்தான் பயணம் செய்தார், அந்த உடையைத்தான் அணிந்தார். அறிந்தவரிடம் எதற்கு விளக்கம்? விளக்கம் தேவைப்படும் இடத்தில்தான் வரலாற்று நாவல் தொடங்குகிறது.

1820களில் வெளியீட்டாளர் ஹென்றி கோல்பர்ன் பிரபுக்களின் வாழ்க்கையைப் படம்பிடிக்கும் நாவல்களை விற்றுச் செழித்தார். அவற்றை ‘வெள்ளி முள்கரண்டி நாவல்கள்’ என்றார்கள். 1910இல் ஜெஃப்ரி ஃபார்னல் ‘தி பிராட் ஹைவே’ எழுதி, ரீஜென்சியைச் சாகசக் கதையின் களமாக்கினார். இரண்டும் முன்னோட்டங்களே.

திருப்புமுனை 1935. அந்த ஆண்டில்தான் ஜார்ஜெட் ஹேயரின் ‘ரீஜென்சி பக்’ வெளிவந்தது. 1902இல் விம்பிள்டனில் பிறந்த ஹேயர், உடல்நலமற்ற தம்பிக்குப் பொழுதுபோக்காகச் சொன்ன கதையே 1921இல் ‘தி பிளாக் மாத்’ என்னும் முதல் நாவலானது. அதன் களம் பதினெட்டாம் நூற்றாண்டு. ரீஜென்சிக்கு வந்தபின் அவருடைய எழுத்துமுறையே ஆய்வாளரின் முறையாக மாறியது. உடை, வண்டி, கடைகள், விலைகள், பேச்சுவழக்கு என்று தலைப்புப் பிரித்துக் குறிப்பேடுகள் வைத்திருந்தார். பியர்ஸ் ஈகன் போன்ற அக்கால எழுத்தாளர்களிடமிருந்து கொச்சை வழக்குகளைப் பொறுக்கித் தன் பாத்திரங்களின் வாயில் வைத்தார். வாட்டர்லூ போரைக் களமாகக் கொண்ட ‘ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி’யை (1937) எழுதப் போர் ஆவணங்களைத் தோண்டித் துருவினார்.

கதைப் பின்னலையும் அக்காலச் சட்டத்திலிருந்தே எடுத்தார் என்பதுதான் என்னை மிகவும் கவர்வது. 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, இருபத்தொரு வயது நிறையாதவர் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. அதனால்தான் ஓடிப்போகும் காதலர்கள் எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீனை நோக்கி விரைகிறார்கள். புதன்கிழமை இரவுகளில் லண்டன் ஆல்மாக்ஸ் மண்டபத்தில் நுழைய, அங்கு கோலோச்சிய சீமாட்டிகளின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் கிடைக்காத பெண்ணுக்கு நல்ல வரன் அமைவது கடினம். சட்டமும் சடங்கும்தான் கதையை நகர்த்துகின்றன. காதல் அவற்றினூடே வழி தேடுகிறது.

ஆனால் அந்த உழைப்பே ஒரு சிக்கலையும் விளைவித்தது. பின்வந்தவர்கள் ரீஜென்சியைப் படிக்கவில்லை, ஹேயரைப் படித்தார்கள். தன் பாத்திரப் பெயர்களையும் சொல்வழக்குகளையும் நாவலாசிரியர் பார்பரா கார்ட்லண்ட் எடுத்தாண்டதாக 1950இல் ஹேயர் வழக்கறிஞரை நாடினார். களவைவிட அவருக்குச் சினமூட்டியது, எடுத்த சொற்களின் பொருள் தெரியாமல் கையாண்டதுதான். மூலத்துக்குப் போகாமல் நகலை நகலெடுக்கும் வழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது.

ஹேயர் 1974இல் மறைந்தார். அதற்கு இரண்டாண்டு முன்பே அமெரிக்காவில் கேத்லீன் வுடிவிஸின் ‘தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்’ படுக்கையறைக் கதவைத் திறந்திருந்தது. 1995இல் ஆஸ்டின் நாவலைத் தழுவிய பிபிசியின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடர் புதிய தலைமுறையை ஈர்த்தது. 2000இல் ஜூலியா குவின் எழுதிய ‘தி டியூக் அண்ட் ஐ’, 2020 டிசம்பரில் ‘பிரிட்ஜர்ட்டன்’ என்ற பெயரில் நெட்ஃபிளிக்ஸ் தொடரானது. அன்றைய பிரிட்டனில் அரச குடும்பம் சாராத டியூக்குகள் முப்பதுக்கும் குறைவு. அவர்களிலும் மணமாகாத இளைஞர் மிகச் சிலரே. நாவல்களிலோ டியூக்குகளுக்குப் பஞ்சமே இல்லை.

டியூக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்துக்கொள்ளலாம். பணம் எங்கிருந்து வந்தது என்பதை இந்த வகை நெடுங்காலம் கேட்காமல் விட்டதை அப்படிப் பொறுக்க முடியவில்லை. நெசவாளர்கள் இயந்திரங்களை உடைத்ததும், 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடியவர்கள்மீது குதிரைப்படை பாய்ந்ததும் இதே ஆண்டுகளில்தான். அடிமை வணிகம் 1807இல் தடைசெய்யப்பட்டாலும், அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது.

ஆஸ்டின் இந்த உலகை மறைக்கவில்லை. ‘மான்ஸ்ஃபீல்டு பார்க்’ குடும்பத்துக்கு ஆன்டிகுவாவில் சொத்து இருக்கிறது. அந்த வீட்டுச் சீமாட்டி, கடற்படையில் இருக்கும் உறவினன் கிழக்கிந்தியாவுக்குப் போனால் தனக்குச் சால்வை கிடைக்குமே என்று ஆசைப்படுகிறாள். ஆஸ்டினின் அத்தை ஃபிலடெல்ஃபியா, மணமகன் தேடிச் சென்னைக்குக் கப்பலேறி வந்து, 1753இல் நம் கடலூரில் கம்பெனி மருத்துவர் ஒருவரை மணந்தவர். அப்படி அனுப்பப்பட்ட ஒரு பெண்ணின் கதையை ஆஸ்டின் தன் 16ஆம் வயதில் எழுதிய, முடிவுறாத ‘கேத்தரின்’ படைப்பில் தொட்டிருக்கிறார். கரீபியப் பெண் ஒருத்தியின் வாழ்வைச் சொல்லும் வனெசா ரைலியின் ‘ஐலண்ட் குவீன்’ (2021) போன்ற நாவல்கள் இப்போது அந்த இழையை மீண்டும் பற்றியிருக்கின்றன. ஹேயரின் உலகுக்குள் புதுமை தேடுவதைவிட இதுவே சரியான வழி.

அந்த இழை ஆஸ்டினின் வீட்டிலும் ஓடியது. அவருடைய தம்பி சார்ல்ஸ் கடற்படை அதிகாரி. எதிரிக் கப்பலைப் பிடித்த பரிசுப் பணத்தில் அக்காள்மார் இருவருக்கும் புஷ்பராகச் சிலுவைகள் வாங்கித் தந்தார். அந்தப் பரிசே ‘மான்ஸ்ஃபீல்டு பார்க்’ நாவலில் நாயகி ஃபேனியின் அம்பர் சிலுவையாக வருகிறது. 1852இல் பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றில் சார்ல்ஸ் இறந்தார். அவருடைய கல்லறை திருகோணமலையில் இருக்கிறது.