கோடை விடுமுறையும் மாணவர் தொண்டும்

பள்ளியின் கதவு மூடப்படும் நாளில் கல்வியும் ஓய்வெடுத்துக்கொள்கிறது என்று எண்ணுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு இதனால் பெருங்கேடு ஒன்றும் இல்லை. அப்பிள்ளைக்கு வீட்டில் நூல்கள் உள்ளன. வழிகாட்டப் படித்த பெற்றோர் உள்ளனர். கோடை கழிந்ததும் ஜூன் திங்களில் அது மீண்டும் வகுப்பில் வந்து அமர்ந்துவிடும். நம் மக்களின் பிள்ளைகளுக்கோ, ஏப்ரல் இறுதிக்கும் ஜூன் தொடக்கத்திற்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்களே வாழ்வின் போக்கை முடிவு செய்கின்றன. ஏப்ரலில் வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர் ஜூனில் அழைக்கப்படும்போது மறுமொழி வராமல் போவதை ஆசிரியப் பணியில் நாம் ஆண்டுதோறும் கண்டு வந்திருக்கிறோம்.

மாணவர் தொண்டுக் குழுக்களோ இந்தக் காலத்தில்தான் உறங்கிவிடுகின்றன. ஆண்டு முழுவதும் மரம் நட்டு, பேரணி நடத்தி, உறுதிமொழி எடுத்த மாணவர்கள் தேர்வு முடிந்ததும் கலைந்துவிடுகின்றனர். தேவை மிகுந்திருக்கும் வேளையில் தொண்டு நின்றுவிடுகிறது. நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், இக்குறையை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்ந்து, நம் இளைஞர்கள் செய்யத்தக்கது யாது என்று காண்பது பொருத்தமாகும்.

பள்ளி ஓய்ந்த பொழுதில் பிறந்த கல்வி

நம் மக்களுக்குக் கல்வி வந்த வரலாற்றைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பகற்பொழுதில், பொதுப் பள்ளியில், பிறரோடு சமமாக அமர்ந்து கற்கும் வாய்ப்பு நமக்கு நெடுங்காலம் இருந்ததில்லை. தனியாகத் திறக்கப்பட்ட பள்ளிகளிலும், வேலை முடிந்த இரவு நேரங்களிலுமே நம் முன்னோர் எழுத்தை அறிந்தனர். 1894ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில், அக்காலத்தில் பஞ்சமர் எனப்பட்டோருக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். சென்னைச் சட்டசபையில் அருந்ததிய மக்களின் குரலாக விளங்கிய எல்.சி. குருசாமி அவர்கள் தம் மக்களுக்காக இரவுப் பள்ளிகளை நடத்தினார். பகலெல்லாம் உழைத்தவர்க்கு இரவு ஒன்றே ஓய்வுப் பொழுது. அவ்வோய்வைக் கல்விக்குக் கொடுத்தவர்களின் வழித்தோன்றல்களே நாம்.

அண்ணல் அம்பேத்கர் 1924ஆம் ஆண்டில் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டு சனவரித் திங்களில் அச்சபை சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கென விடுதி ஒன்றைத் திறந்தது. சபையின் ஆதரவில் மாணவர்கள் 'சரஸ்வதி விலாஸ்' என்னும் திங்களிதழை நடத்தினர். பம்பாயில் இலவசப் படிப்பகமும், இளைஞர்களுக்கு ஹாக்கி ஆட்டக் குழுவும் அமைக்கப்பட்டன. ஆட்டக் குழு எதற்கு என்று கேட்கலாம். ஓய்வு நேரம் சூதிலும் குடியிலும் கழிந்துவிடாமல் இளைஞரைக் காப்பதே அதன் நோக்கம். பாடநூலைப் பற்றி மட்டுமன்றி, மாணவனின் ஓய்வு நேரத்தைப் பற்றியும் அண்ணலின் இயக்கம் கவலை கொண்டது என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

நாட்டு நலப்பணித் திட்டம்

விடுதலைக்குப் பின் மாணவர் தொண்டை நாடளாவிய அமைப்பாக்கும் முயற்சிகள் எழுந்தன. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் இயங்கிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் தாமே விரும்பிச் செய்யும் நாட்டுத் தொண்டு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு இதனை ஆராய்ந்தது. பின்னர்க் கோத்தாரி கல்விக் குழுவும் (1964-66) மாணவர் சமூகத் தொண்டை வலியுறுத்தியது. ஏறத்தாழ இருபது ஆண்டுக்கால ஆய்வுக்குப் பின், காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள் மையக் கல்வியமைச்சர் டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தோன்றிய அத்திட்டம் இன்று மேனிலைப் பள்ளிகள் வரை பரவியுள்ளது. எனக்காக அன்று, உனக்காக என்பது அதன் குறிக்கோள்.

இத்திட்டத்தில் சேர்ந்த மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணிபுரிதல் வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமிலும் கலந்துகொள்ளுதல் வேண்டும். சிறப்பு முகாம்கள் விடுமுறைக் காலத்தில் சிற்றூர்களில் நடைபெறுவன. இவற்றால் விளைந்த நன்மைகள் பல. எனினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முகாமுக்கு வரும் மாணவர் சிலர் நம் குடியிருப்புகளைக் கூட்டிப் பெருக்கும் இடமாக மட்டுமே கருதினர். தெருவைச் சுத்தம் செய்து, சுவரில் வாசகம் எழுதி, நிழற்படம் எடுத்துக்கொண்டு எட்டாம் நாள் சென்றுவிட்டனர். தலைமுறை தலைமுறையாக ஊரின் தெருக்களைத் துப்புரவு செய்து வந்த மக்களுக்குத் தூய்மையைக் கற்பிக்க வந்ததாக அவர்கள் எண்ணிக்கொண்டது வருந்தத்தக்கது. நமக்குத் தேவைப்பட்டது துடைப்பம் அன்று. எழுத்தறிவும் வழிகாட்டலுமே ஆகும். அவ்வழியில் சென்ற மாணவர்களும் இருந்தனர்.

கோட்டயம் காட்டிய வழி

1989ஆம் ஆண்டில் கேரளத்தின் கோட்டயம் நகரில், பல்கலைக்கழகத்தின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மாவட்ட நிருவாகத்தோடு இணைந்து ஒரு பணியை ஏற்றனர். வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்து, எழுத்தறியாதவர் யார் எவர் என்று முதலில் அறிந்தனர். பின்னர் அவர்களுக்கு வசதியான இடத்திலும் நேரத்திலும் சென்று கற்பித்தனர். நூறு நாள்களில் பணி நிறைவுற்றது. அவ்வாண்டு ஜூன் 25ஆம் நாள், நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் நகரம் எனக் கோட்டயம் அறிவிக்கப்பட்டது. நாள்களை எண்ணிப் பாருங்கள். மார்ச்சு முதல் ஜூன் வரையிலான அந்த நூறு நாள்களுள் கோடை விடுமுறை முழுவதும் அடங்கியுள்ளது.

அடுத்து எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றது. அவ்வலை தமிழகத்துக்கும் வந்தது. புதுக்கோட்டையில் 1991-92இல் அறிவொளி இயக்கம் மக்கள் இயக்கமாகவே வளர்ந்தது. அங்கே கல் உடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் எழுத்தோடு மிதிவண்டியும் பழகினர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் துணையும், கைம்மாறு கருதாத ஆயிரக்கணக்கான தொண்டர்களின் உழைப்பும் அதற்கு அடிப்படையாயின.

அமெரிக்காவில் ஒரு கோடை

நம்மைப் போன்றே பிறப்பால் ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்களின் வரலாற்றிலும் ஒரு கோடை சிறப்பிடம் பெறுகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிவு செய்வதற்கே அஞ்சிய காலம் அது. 1964ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்கள் அங்கே சென்றனர். அவருள் பெரும்பாலோர் வடமாநிலக் கல்லூரி மாணவர்கள். வாக்காளர் பதிவுக்கு உதவியதோடு, நாற்பதுக்கும் மேற்பட்ட விடுதலைப் பள்ளிகளையும் அவர்கள் நடத்தினர். தேவாலயங்களிலும் மரத்தடியிலும் நடைபெற்ற அப்பள்ளிகளில் எழுத்தும் கணக்கும் மட்டுமன்றித் தம் இனத்தின் வரலாறும் குடிமகனின் உரிமையும் கற்பிக்கப்பட்டன. ஜூன் 21ஆம் நாள் சேனி, குட்மன், ஷுவர்னர் என்னும் மூன்று இளைஞர்கள் இனவெறியரால் கொல்லப்பட்டனர். அதன் பின்னும் தொண்டர்கள் பணியைக் கைவிடவில்லை. மறு ஆண்டே அமெரிக்காவில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது.

இங்கே நாம் கருத வேண்டுவது மற்றொன்று. கோடை முடிந்ததும் வெளியிலிருந்து வந்தோரில் மிகப்பலர் கல்லூரிக்குத் திரும்பினர். பணியைத் தொடர்ந்து ஏந்தியவர்கள் உள்ளூர்க் கறுப்பின மக்களே. உயிர் நீத்த மூவருள் சேனி அம்மண்ணிலேயே பிறந்தவர். வெளியார் துணை வரவேற்கத்தக்கது. ஆனால் நிலைத்து நிற்கும் தொண்டு அவ்வூரில் பிறந்தவரிடமிருந்தே வர வேண்டும்.

நம் பகுதியின் கோடை

தொண்டாமுத்தூர் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். நொய்யல் நீரால் வாழையும் பாக்கும் தென்னையும் சின்ன வெங்காயமும் விளையும் வளமான பூமி. ஆனால் இவ்வளத்தை உண்டாக்கிய கைகளுக்குப் பெரும்பாலும் நிலம் இல்லை. பண்ணையத்தில் ஆள் வைக்கும் வழக்கம் இருந்த காலத்தில் தந்தையோடு மகனும் மாடு மேய்க்கச் சென்றான். கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இருப்பினும் கோடை வந்ததும் பிள்ளையை வேலைக்கு அழைக்கும் குரல் ஓயவில்லை. தோட்ட வேலை, கட்டட வேலை, பட்டறை வேலை எனக் கூலிக்கு வழி பல. பெண் பிள்ளைகளைத் தேடி நூற்பாலைத் தரகர்கள் வந்ததும், சில ஆண்டு வேலை செய்தால் திருமணத்திற்கு மொத்தப் பணம் தருவதாக ஆசை காட்டியதும் கொங்கு நாடு முழுவதும் அறிந்த செய்தி.

பள்ளி மூடினால் சத்துணவும் நின்றுவிடுகிறது. 2022 முதல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டு வரும் காலை உணவும் பள்ளி நாள்களுக்கே உரியது. பசித்த வீட்டில் பிள்ளையின் கூலி நூறு ரூபாயும் பெரிது. 'லீவுல மட்டும் போகட்டும் சார்' என்று பெற்றோர் சொல்லும்போது அதில் வஞ்சகம் இல்லை. ஆனால் கையில் காசு பார்த்த பிள்ளை ஜூனில் திரும்புவது அரிதாகிவிடுகிறது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இவ்வுண்மை நாடறிய விளங்கிற்று. ஒன்றரை ஆண்டு நீண்ட அந்த விடுமுறையில் இழந்ததை மீட்கவே தமிழக அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் பிள்ளைகள் வாழும் தெருவுக்கே சென்று கற்பித்தனர். அரசே ஏற்று நடத்திய இம்முறை, நம் முன்னோரின் இரவுப் பள்ளி முறைக்கு அண்மையது அன்றோ?

மே திங்களில்தான் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும் வெளியாகின்றன. கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, தொழிற்பயிற்சி நிலையம் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கும் காலமும் அதனை ஒட்டியே வருகிறது. பட்டியல் இனத்தாருக்கு 18 விழுக்காடு, அதனுள் அருந்ததியருக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 3 விழுக்காடு என இட ஒதுக்கீடு உண்டு. இவ்வுள் ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றமும் 2024 ஆகஸ்டு முதல் நாளில் ஏற்றது. அண்ணலின் முயற்சியால் 1944இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகை இன்றும் உண்டு. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்கும் பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' திட்டமும், ஆண்களுக்கு 2024இல் நம் கோவையிலேயே தொடங்கப்பட்ட 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்குவன. ஆயினும் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவை உரிய நாளில் கையில் இல்லாவிடில் இத்தனையும் ஏட்டுச் சுரைக்காயே.

செய்ய வேண்டுவன

இளைஞர்களே! நாம் கேட்பது பெருஞ்செலவுப் பணி அன்று. கோட்டயத்து மாணவர் செய்தது போல, ஏப்ரல் முடிவதற்குள் நம் குடியிருப்பின் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, எந்தப் பிள்ளை எந்த வகுப்பு, எந்தச் சான்று இல்லை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இல்லாத சான்றுக்கு இ-சேவை மையத்திற்கு அப்பெற்றோரோடு நீங்களே செல்லுங்கள். விண்ணப்பம் நிரப்பக் கல்லூரியில் பயிலும் அண்ணன்மாரும் அக்காமாரும் துணை நில்லுங்கள். தேர்வில் தவறிய தம்பி தங்கையரை ஏளனம் செய்யாமல், அடுத்து வரும் துணைத் தேர்வுக்கு உடன் அமர்ந்து படிப்பியுங்கள். துணைத் தேர்வு என ஒன்று இருப்பதே தெரியாமல் படிப்பை நிறுத்தியவர் நம்மிடையே உண்டு. மாலையில் ஒரு மணி நேரம் சிறுவர்க்கு வாசிப்பு, அதன்பின் ஆட்டம் என வையுங்கள். வேலைக்குச் சென்ற பிள்ளைகளின் வீட்டுக்கு மே இறுதியில் ஒரு முறை செல்லுங்கள். பள்ளி திறக்கும் நாளில் அப்பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொண்டு செய்யும் இளைஞரும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. அவர்களும் கோடையில் கூலிக்குச் செல்ல வேண்டியவர்கள். ஆகவே முழு நாளையும் அவர்களிடம் கேட்பது முறையன்று. முறை வைத்து, மாலைப் பொழுதை மட்டும் கேட்போம். மின்விளக்கும் இடமும் எழுதுபொருளும் நாம் கொடுப்போம்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் நிற்பதற்குக் காரணம் உறுப்பினர் தம் ஓய்வு நேரத்தை ஈந்ததே. கழகத்தின் அடுத்த காலக்கட்டத்தில் ஒவ்வொரு கோடையின் முடிவிலும் நாம் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்றே: ஏப்ரலில் இருந்த பெயர்கள் அனைத்தும் ஜூன் பதிவேட்டில் இருக்கின்றனவா என்பது. ஒரு பெயரும் விடுபடாத ஆண்டு நமக்கு வரட்டும். கழகம் வாழ்க! நம் இளைஞர் தொண்டு வளர்க!