மதுராந்தகத்து மகிழடியும் சிப்பியில் தெரிந்த வெள்ளியும்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தில், ஏரி காத்த ராமர் கோயிலின் மகிழ மரத்தடியில், ஆசாரியர் பெரிய நம்பி இராமானுசருக்குப் பஞ்ச சம்ஸ்காரம் என்னும் வைணவ தீட்சையைச் செய்துவைத்தார் என்கிறது குருபரம்பரை மரபு. அதே மரபு இராமானுசரின் காலத்தை 1017–1137 எனக் கணிக்கிறது. 120 ஆண்டு ஆயுளை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. தீட்சைக்கு முன்பு யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்து, வேத வாக்கியங்களின் பொருளில் முரண்பட்டு வெளியேறியவர் அவர்.

எது உண்மையில் இருக்கிறது, அதை எப்படி அறிகிறோம் என்ற இரண்டு கேள்விகளையும் இராமானுசர் எழுதிய ஸ்ரீபாஷ்யம் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. உயிர்களும் உலகமும் மெய். அவை இறைவனுக்கு உடல். காட்சி, அனுமானம், வேதம் ஆகிய மூன்றும் அறியும் வழிகள். குணமே இல்லாத பொருளை இவற்றில் எதுவும் காட்டாது என்பது, பிரம்மம் குணமற்றது என்னும் அத்வைதத்துக்கு இராமானுசர் தந்த பதில்.

சிக்கல் பிழையான அறிவில்தான். மாமல்லபுரத்து மணலில் கிடக்கும் சிப்பி வெயிலில் வெள்ளியாகத் தெரிந்தால், தெரிந்தது பொய்தானே? இல்லை என்கிறார். பூதங்கள் ஒன்றோடொன்று கலந்தே பொருள்கள் உண்டாவதால் சிப்பியிலும் வெள்ளியின் கூறு சிறிது உண்டு. கண் அதைப் பற்றிக்கொண்டு, மிகுந்திருக்கும் சிப்பிக் கூறைத் தவறவிடுகிறது. கையில் எடுத்தவன் அதை வெள்ளியாகப் பயன்படுத்த முடியாதபோது பிழை வெளிப்படுகிறது. துணிச்சலான வாதம் இது; கனவுப் பொருள்களையும் காண்பவனுக்காக இறைவன் அந்நேரத்துக்குப் படைத்தவை என்னும் அளவுக்கு அது நீள்கிறது.

பின்னாளில் இராமானுசர் மரபில் வந்த, காஞ்சித் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் (1268–1369) நியாய பரிசுத்தி என்னும் நூலில் இந்த அறிவுக் கொள்கையைத் தனிச் சாத்திரமாக ஒழுங்குபடுத்தினார்.