கிரீன்லாந்தில் மொழியுரிமையும் கனியுரிமையும்

கிரீன்லாந்து குறித்து எழுதுவோர் பெரும்பாலும் அதன் பனியையும், பனியின்கீழ்க் கிடக்கும் கனிகளையுமே பேசுவர். கனிவளமே தன்னாட்சி வேட்கையைத் தோற்றுவித்தது என்பதும் அவர்தம் துணிபு. அத்தீவின் இலக்கிய வரலாற்றை நோக்குவார்க்கு இக்கூற்று பொருந்துவதாகத் தோன்றாது.

1721இல் ஹான்ஸ் எகெடே என்னும் சமயத்தொண்டர் வந்தது முதல் டேனியர் ஆட்சி அங்கு வேரூன்றியது. தீவிலேயே பிறந்த சாமுவேல் கிளைன்சுமிட் 1851இல் அம்மக்கள் மொழிக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். பிறமொழிகளை இலத்தீன் அச்சில் வார்ப்பது அக்கால ஐரோப்பியர் பலரின் வழக்கம். தமிழுக்கு அவர்கள் எழுதிய தொடக்க இலக்கணங்களிலும் அதனைக் காண்கிறோம். கிளைன்சுமிட்டோ அவ்வழி செல்லாது, ஒரு வேரின்மேல் ஒட்டுக்கள் பல அடுக்கி ஒரு சொல்லையே முழுத்தொடராக்கும் அம்மொழியின் இயல்பை அதன் போக்கிலேயே விளக்கினார். பத்தாண்டு கழித்து, 1861இல், அம்மொழியிலேயே ஒரு செய்தித்தாள் தோன்றியது. வேட்டையும் கடலும் பற்றித் தீவினர் தாமே அதில் எழுதினர். சிதறிக் கிடந்த கடற்கரைக் குடியிருப்புக்கள் தம்மை ஓரினமாக உணர்ந்ததற்கு இவ்வேடு பெருந்துணை புரிந்தது எனலாம்.

கனித்தொழில் இதே காலத்ததே. இவித்தூத் என்னுமிடத்தில் 1854இல் கிரையோலைட்டு அகழத் தொடங்கினர். பின்னர் அலுமினியம் உருக்க அது பெரிதும் வேண்டப்பட்டது. அகழத் தொடங்கிய நாளில் அதன்மேல் தீவினர்க்கு உரிமை ஏதும் இல்லை. 1987இல் சுரங்கம் மூடப்பட்டது. டிஸ்கோத் தீவின் குல்லிசாத் நிலக்கரிச் சுரங்கத்தின் முடிவு இன்னும் கொடிது. 1924இல் எழுந்த அவ்வூர் 1972இல் அரசாணையால் கைவிடப்பட, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பல ஊர்களுக்குச் சிதறினர். அதே ஆண்டில், ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பில் சேர்வதைத் தீவினருள் பெரும்பாலோர் மறுத்து வாக்களித்தும், டேனிய நாட்டின் உறுப்பாதலின் 1973இல் அவர்களும் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே 'சுமே' என்னும் இளைஞர் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு தாய்மொழியில் வெளிவந்தது. கனியால் வந்த செல்வம் அன்று, கனித்தொழிலால் நேர்ந்த இழப்பும் கேளாச்செவியுமே தன்னாட்சி உணர்வைக் கிளர்ந்தெழச் செய்தன என்பது என் கருத்து.

1979இல் உள்ளாட்சி உரிமை கிட்டியது; அவர்கள் மொழி தலைமை மொழியாயிற்று. 1985இல் கூட்டமைப்பிலிருந்தும் விலகினர். 2009ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டமே ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. கிரீன்லாந்து மொழியை ஆட்சிமொழி ஆக்கிய அச்சட்டமே கனிகளின் உரிமையையும் தீவினரிடம் ஒப்படைக்க வழிசெய்தது. ஆயின் ஒரு முடிச்சும் உண்டு: கனிவருவாய் ஆண்டுக்கு 75 மில்லியன் குரோனரைக் கடப்பின், மிகுதியில் பாதியளவு டேனிய மானியம் குறையும். அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி அம்மானியமே. ஆகவே விடுதலை வேண்டின் அகழ வேண்டும். அகழ்ந்தாலோ விடுதலை வேண்டிய மண்ணே கெடும் என்னும் அச்சம். மொழியுரிமையும் முற்றும் நிறைவுறவில்லை. உயர்கல்வி இன்னும் பெரிதும் டேனிய மொழியையே சார்ந்து நிற்கிறது.

ஆவ்கோ லுங்கே 1931இல் எழுதிய புதினம் ஒன்று, எகெடே வந்த முந்நூறாம் ஆண்டாகிய 2021இல் நிகழ்வது. டேனியரும் தீவினரும் ஒத்த உரிமையுடன் வாழும் நாட்டை அதில் அவர் கனவு கண்டார். 1953இல் டேனியப் பாராளுமன்றத்துக்குத் தீவினர் முதன்முதல் அனுப்பிய இருவருள் அவரும் ஒருவர். 1959இல் கப்பல் மூழ்கி மாண்டார். அவர் குறித்த அதே 2021இல் நடந்த தேர்தலில், நார்சாக் ஊரருகே அருமண் கனிகளுடன் யுரேனியமும் அகழும் திட்டமே முதன்மை வழக்காயிற்று. எதிர்த்த கட்சி வென்றது. அவ்வாண்டு நவம்பரில் யுரேனியத் தடைச்சட்டம் நிறைவேறியது.