கரி நெருப்பும் அன்னாசிச் சாறும்

யோவான் நற்செய்தியில் இரண்டு இடங்களில் கரி நெருப்பு எரிகிறது. முதலாவது, தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில். குளிர் காய்வதற்காகக் காவலர் மூட்டிய அந்த நெருப்பருகே நின்றுகொண்டுதான் பேதுரு தம் ஆண்டவரை அறியேன் என்றார். இரண்டாவது, திபேரியக் கடற்கரையில். அங்கே கரி நெருப்பின்மேல் மீன் வெந்துகொண்டிருந்தது. பசித்து வந்த சீடர்களுக்கு உணவளித்த பின், உயிர்த்த ஆண்டவர் அதே பேதுருவிடம், ‘என்மீது உனக்கு அன்பு உண்டா?’ என்னும் பொருளில் மும்முறை கேட்டார். கரி நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இவ்விரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. ஒரு நெருப்பருகே விலகிப் போனவர், மற்றொரு நெருப்பருகே திரும்பி வந்தார்.

உணவு வேகும் நெருப்புக்கும் மனிதர் மனம் திரும்புவதற்கும் உள்ள இந்த உறவை எண்ணும்போதெல்லாம், பசிபிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகளின் ஓர் உணவு என் நினைவுக்கு வருவதுண்டு. அதன் பெயர் ‘ஹுலி ஹுலி’ கோழி. ஹவாய் மொழியில் ‘ஹுலி’ என்றால் ‘திரும்பு’ அல்லது ‘திருப்பு’ என்று பொருள். கருத்தையோ வாழ்க்கை முறையையோ மாற்றிக்கொள்வதையும் அச்சொல் குறிக்கும். ஓர் உணவுக்கு இப்படிப்பட்ட பெயர் அமைந்தது தற்செயல்தான். ஆனால் அந்த உணவின் வரலாற்றைப் படித்தால், அதைவிடப் பொருத்தமான பெயர் அதற்கு இருக்க முடியாது என்று தோன்றும்.

1955-ஆம் ஆண்டு, கோழி வணிகத்தில் ஈடுபட்டிருந்த எர்னஸ்ட் மொர்காடோ என்பவர் ஓர் உழவர் கூட்டத்திற்குக் கரி நெருப்பில் வாட்டிய கோழியைப் பரிமாறினார். சோயாச் சாறும் சர்க்கரையும் இஞ்சியும் கலந்த பூச்சு அதன்மேல் இருந்தது. அது அவருடைய தாயாரின் வீட்டுப் பக்குவம் என்பர். உண்டவர்கள் மகிழ்ந்தனர். இரண்டாகப் பிளந்த கோழிகளை இரண்டு கம்பி வலைகளுக்கு இடையே வரிசையாக அடுக்கி, நீண்ட நெருப்புக் குழியின்மேல் வைப்பது வழக்கம். ஒரு பக்கம் வெந்ததும் ‘ஹுலி!’ என்று குரல் எழும். உடனே வலை முழுவதையும் புரட்டிவிடுவர். குரலே உணவின் பெயராயிற்று.

இப்படித் திருப்பிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் உண்டு. சர்க்கரை கலந்த பூச்சு நெருப்பில் விரைவில் பொன்னிறமாகும். கொஞ்சம் கவனம் தவறினால் கருகிக் கசந்துவிடும். ஒரே பக்கத்தில் கிடந்தால் மேலே கரியும், உள்ளே பச்சை இறைச்சியும்தான் மிஞ்சும். எனவே திருப்பித் திருப்பி, மேலும் மேலும் சாற்றைப் பூசி, உப்பும் இனிப்பும் புகையும் ஒன்றாகிப் பாகு போலப் பளபளக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். வீடுகளில் பலர் அன்னாசிச் சாற்றையும் சேர்ப்பர். அன்னாசியில் இறைச்சியை மென்மையாக்கும் தன்மை உண்டு. ஆனால் நெடுநேரம் ஊறவிட்டால் இறைச்சி குழைந்துபோகும். இனிப்புக்கும் அளவு வேண்டும், நேரமும் வேண்டும்.

இனி, இந்த உணவில் சேர்ந்த பொருள்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

கரியின் கதை

மரபாக இக்கோழியை வாட்டுவது ‘கியாவே’ என்னும் மரத்தின் கரியில். இது நம் தென்மாவட்டங்களில் காடாகப் பரவியிருக்கும் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. அதே முள், அதே நெற்று, அதே உறுதியான கரி. இந்த மரத்தை ஹவாய்க்குக் கொண்டுவந்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு.

1827-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இயேசு மரியாளின் திரு இருதயங்கள் சபையைச் சேர்ந்த அருள்தந்தை அலெக்சிஸ் பஷலோ தம் தோழர்களுடன் ஹொனலூலுவில் வந்திறங்கினார். பாரிஸ் நகரின் அரச தோட்டத்திலிருந்து பெற்ற விதையை 1828-இல் தம் மறைப்பணி மனையில் ஊன்றினார். அந்த விதையின் வழிமரபே பின்னாளில் ஊரெங்கும் நிழல் தந்தது; கால்நடைகளுக்குத் தீனியும் அடுப்புக்கு விறகும் ஆயிற்று.

மரம் வேரூன்றியது, நட்டவரை ஊன்ற விடவில்லை. அப்போது அரசவையில் செல்வாக்குடன் இருந்தவர்கள் புரோட்டஸ்டாண்டு போதகர்கள். கத்தோலிக்க மறையைப் பின்பற்றிய ஹவாய் மக்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். கடின வேலைக்கு உட்படுத்தப்பட்டனர். தந்தை பஷலோ 1831-இன் இறுதியில் கப்பலேற்றி அனுப்பப்பட்டார். கலிபோர்னியாவில் சில ஆண்டுகள் பணியாற்றி, 1837-இல் அவர் திரும்பி வந்தபோதும் தங்க இசைவு கிடைக்கவில்லை. நோயுற்ற நிலையில் வேறு தீவுகளை நோக்கிப் புறப்பட்டவர், அவ்வாண்டு டிசம்பரில் கடலிலேயே உயிர் துறந்தார். 1839-இல் அரசர் மூன்றாம் கமேஹமேஹா சமயச் சுதந்திரம் வழங்கினார். அடுத்த மாதமே ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் பீரங்கிகளோடு வந்து, அச்சுதந்திரத்தை மிரட்டியும் வாங்கிக்கொண்டது. இதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை. துன்புற்ற சபையின் பெயரால் பீரங்கியும் பேசியது.

பஷலோ நட்ட மரம் 1919-இல் வெட்டப்படும்வரை ஹொனலூலுவின் அமைதி அன்னை பேராலயத்தின் அருகே நின்றது. அந்தப் பேராலயத்தில்தான் 1864-இல் தமியான் என்னும் இளந்துறவி குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1873-இல் மொலக்காய்த் தீவின் தொழுநோயாளரிடம் சென்று, 1889-இல் தொழுநோயாளராகவே இறந்து, 2009-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அதே தமியான்தான்.

பழத்தின் கதை

கொலம்பஸும் அவருடன் சென்றோரும் 1493-இல் குவாதலூப் தீவில் அன்னாசியைக் கண்டனர். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அதை ‘நனாஸ்’ என்று அழைத்தனர். அச்சொல்லைப் போர்ச்சுக்கீசியர் ‘அனனாஸ்’ என்றாக்கிப் பழத்தோடு இந்தியாவுக்கும் கொண்டுவந்தனர். நாம் ‘அன்னாசி’ என்று சொல்லும்போது, நாம் காணாத ஒரு காட்டுவாழ் மக்களின் சொல்லையே சொல்கிறோம்.

ஹவாயில் அன்னாசி பயிரிட்டதற்கான பழைய எழுத்துச் சான்று, அங்குக் குடியேறிய ஸ்பானியரான பிரான்சிஸ்கோ தெ பவுலா மரின் 1813-இல் எழுதிய நாட்குறிப்பு. ஆனால் தோட்டத்தின் ஓரத்தில் நின்ற அந்தச் செடி தீவுகளையே ஆட்கொண்டது பின்னால்தான். 1893-இல் அரசி லிலியுஒகலானி அரியணையிலிருந்து அகற்றப்பட்டார். 1898-இல் நாடு அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. 1901-இல் ஜேம்ஸ் டோல் தம் அன்னாசி நிறுவனத்தைத் தொடங்கினார். அரசியை அகற்றியபின் அமைந்த ஆட்சிக்குத் தலைவராக இருந்த சான்போர்டு டோல் அவருடைய உறவினர். 1922-இல் லனாய் என்னும் தீவு ஏறக்குறைய முழுவதையும் அந்நிறுவனம் பதினோரு இலட்சம் டாலருக்கு விலைக்கு வாங்கி, அன்னாசித் தோட்டமாக்கியது. அத்தோட்டத்தின் கடைசி அறுவடை 1992-இல் நடந்தது. பெரும் ஆலைகள் மலிவான கூலி கிடைக்கும் வேறு நாடுகளை நாடிச் சென்றன.

சர்க்கரையின் கதை

பழத்திற்கு முன்பே வந்த பேராசை சர்க்கரை. ஹவாய் முன்னோர் தங்கள் படகுகளிலேயே கரும்பைக் கொண்டுவந்திருந்தனர். கோழியும் அப்படியே வந்தது. ஆனால் அந்நாட்டுக் கரும்பு பெரும் வணிகமானபோது வேலைக்கு ஆள் போதவில்லை. வெளியார் கொண்டுவந்த நோய்களால் ஹவாய் மக்கள்தொகை சரிந்து, 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கலப்பினத்தாரையும் சேர்த்து ஏறத்தாழ 40,000 பேரே எஞ்சியிருந்தனர். எனவே 1852-இல் சீனரும், 1868-இலும் பின்னர் 1885 முதல் பெருந்தொகையாகவும் ஜப்பானியரும், 1878 முதல் போர்ச்சுக்கீசியரும், 1906 முதல் பிலிப்பீனியரும் கப்பல்களில் கொண்டுவரப்பட்டனர். 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு ஓடியவரைச் சிறைப்படுத்தலாம். தொழிலாளரின் கழுத்தில் எண் பொறித்த உலோக வில்லை தொங்கியது. தாய் வைத்த பெயர் மறைந்து, எண்ணே பெயராயிற்று.

இலங்கையிலும் மலேயாவிலும் நம் முன்னோர் பட்டதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘கங்காணி’ என்ற சொல்லின் கனம் நமக்குத் தெரியும். ஹவாயில் கங்காணிக்கு ‘லூனா’ என்று பெயர். குதிரைமேல் அமர்ந்து வேலை வாங்கிய அந்த லூனாக்களில் பலர் போர்ச்சுக்கீசியர். அதாவது ஞாயிறுதோறும் நம்மைப் போலவே திருப்பலி கண்டவர்கள். வயலில் குனிந்து வெட்டியவர்களுள் கத்தோலிக்கப் பிலிப்பீனியரும் இருந்தனர். ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்கள் திங்கட்கிழமை வயலில் எதிரெதிரே நின்றனர். அறுவடை செய்தோருக்குக் கொடாத கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் திருமுகத்தில் கூறுவது வேறு யாருக்கோ எழுதப்பட்டதன்று.

பந்தியின் கதை

தோட்ட முதலாளிகள் ஒவ்வொரு இனத்தாரையும் தனித்தனிக் குடியிருப்பில் வைத்தனர். ஒரே வேலைக்கு வெவ்வேறு கூலி தந்தனர். 1909-இல் ஜப்பானியர் மட்டும் வேலைநிறுத்தம் செய்தபோது, மற்ற இனத்தாரை அதிகக் கூலிக்கு அமர்த்தி அதை முறியடித்தனர். பிரிந்து கிடந்தவர்கள் தோற்றனர். 1946-இல் நிலை மாறியது. எல்லா இனத்தாருமாக ஏறத்தாழ 26,000 கரும்புத் தொழிலாளர் 79 நாட்கள் ஒன்றாக நின்றனர். மீன் பிடிக்கச் சிலர், வேட்டைக்குச் சிலர், காய்கறி பயிரிடச் சிலர் என்று பிரிந்து உழைத்துப் பொதுச் சமையலில் அனைவரும் உண்டனர். அந்தப் போராட்டம் வென்றது. தொழிலாளர் ஒன்றுசேரும் உரிமையைத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே தம் சுற்றுமடலில் எடுத்துரைத்திருந்தார். அது ஏட்டிலிருந்து இலைக்கு வர நெடுங்காலம் பிடித்தது.

ஒரு பந்தியால் காலம் திரும்புவது அந்தத் தீவுகளுக்குப் புதிதன்று. பண்டைய ஹவாயில் ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணலாகாது. வாழைப்பழமும் தேங்காயும் பன்றியிறைச்சியும் பெண்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. மீறினால் மரண தண்டனையும் உண்டு. 1819-இல் இளம் அரசர் லிஹோலிஹோ ஒரு விருந்தில் எழுந்து சென்று பெண்களின் பந்தியில் அமர்ந்து உண்டார். அவ்வளவுதான், தலைமுறை தலைமுறையாக நின்ற விலக்கு சரிந்தது. இது நடந்தது போதகர் எவரும் அங்கே கால் வைப்பதற்கு முந்திய ஆண்டில்! ஆவியானவர் நமக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இப்போது 1955-இன் அந்தக் கோழியை மீண்டும் பாருங்கள். கோழி, ஹவாய் முன்னோர் கொண்டுவந்தது. சோயாச் சாறும் வாட்டும் பக்குவமும் ஜப்பானியத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்தவை. பழம் தென் அமெரிக்கப் பழங்குடியினர் தந்தது. கரி, விரட்டப்பட்ட ஒரு குருவின் மரம் தந்தது. சமைத்தவரோ போர்ச்சுக்கீசிய வழிவந்தவர். கங்காணிகளை மிகுதியாகத் தந்த இனத்தின் மகன், குனிந்து உழைத்த இனத்தின் சாற்றைத் தன் தாயின் சமையலாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறான். இது எந்தச் சட்டத்தாலும் வந்ததன்று. பக்கத்து வீட்டு அடுப்பின் மணம் சுவர் தாண்டி வந்ததால் வந்தது.

அந்த உணவு விரைவிலேயே பொதுநன்மைக்குரிய உணவாயிற்று. பள்ளிக்கு நிதி வேண்டுமா, ஆலயக் கூரையைப் பழுதுபார்க்க வேண்டுமா, வார இறுதியில் திடலில் நெருப்புக் குழி மூட்டிக் கோழி வாட்டி விற்பர். 1981-இல் ஒரு பள்ளித் திடலில் 46,386 அரைக் கோழிகளை வாட்டியது உலகச் சாதனையாகப் பதிவாயிற்று. நம் பங்குத் திருவிழாக்களின் அசன விருந்தைக் கண்டவர்களுக்கு அந்தப் புகையும் ஆரவாரமும் அந்நியமாகத் தோன்றா. ஆனால் நம் அசனத்தில் யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், யார் கடைசிப் பந்திவரை காத்து நிற்கிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஊர் ஊராக வேறுபட்ட கல்லறைகளையும் தெருக்களையும் வைத்துக்கொண்டு, சமபந்தி என்று பெயரிட்டால் மட்டும் சமம் வந்துவிடுமா?

விவிலியத்தின் எபிரேய மொழியில் மனமாற்றத்தைக் குறிக்கும் ‘ஷூவ்’ என்னும் சொல்லுக்கும் ‘திரும்பு’ என்பதே பொருள். நம் தமிழ் அதை ‘மனந்திரும்புதல்’ என்று அழகாகச் சொல்கிறது. ஒருமுறை திரும்பியதோடு அது முடிவதில்லை. கம்பி வலைமேல் கோழியைத் திருப்புவதுபோல, கருகுமுன் மீண்டும் மீண்டும் நடக்க வேண்டியது அது. சமயத்திற்காகத் துன்புற்றவர் பீரங்கிக்குப் பின்னால் நிற்காதிருக்கவும், கூலியாக வந்தவரின் பேரன் கங்காணி ஆகாதிருக்கவும், திருப்பலியில் ஒன்றான கைகள் தெருவில் விலகாதிருக்கவும் நாம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

திபேரியக் கரையில் கரி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. அங்கே பேதுருவுக்கு முதலில் கிடைத்தது கண்டனம் அன்று, காலை உணவு. உண்ட பிறகுதான் கேள்வி வந்தது. கேள்விக்குப் பிறகு ஆடுகளை மேய்க்கும் பணி வந்தது. இன்று நாம் ஒவ்வொருவரும் எந்த நெருப்பருகே நிற்கிறோம் என்பதை மட்டும் நாமே பார்த்துக்கொள்வோம்.